கண்டறியும் எல்லை

ஏழாம் அத்தியாயம் மூன்றாம் முறை திரும்பி வந்திருக்கிறது.
ஆறுவரை சிக்கலில்லை: உதவித்தொகை, ஜெர்மனியின் குளிர்,
முதல் கட்டுரையில் என் பெயரைப் பிழையாக அச்சிட்டது.
ஏழில் வேலந்தாவளம் வருகிறது.

தொண்ணூற்று நான்கு, சித்திரை வெயில்.
நாற்பத்திரண்டு கிணறு, நாற்பத்திரண்டு குப்பி.
ஜீப்பின் பின்சீட்டில் ஐஸ் உருகிக்கொண்டிருக்க
கலால் சாவடியில் கைகாட்டி நிறுத்தினார்கள்.
கள்ளுக்குப் பேர்போன சீமை;
குப்பியில் வரும் எதுவும் அங்கே
தான் சாராயமில்லை என்று நிரூபித்தாக வேண்டும்.

காவலர் அப்புண்ணி என் அடையாள அட்டையைப் பார்க்கவில்லை.
மூடி திருகினார், முகர்ந்தார்,
சுண்டுவிரல் தொட்டு நக்கினார்.
"மாதிரி கெட்டுவிடும்" என்றேன்.
"எந்து மாதிரி?" என்றார்.
பதினேழில் முகம் சுளித்துத் துப்பினார்.
"இது கொள்ளில்ல சாரே."

படிவத்தில் ருசிக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
17, துப்பினார்.

நாங்கள் தேடியது ஃபுளோரைடு.
பணம் வந்தது ஃபுளோரைடுக்கு.
மின்முனையை இறக்கினால் எண் வரும்,
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் நல்ல சாட்சி.
பதினேழு: கண்டறியும் எல்லைக்குக் கீழே.
நாற்பத்திரண்டில் அதுவே சுத்தம்.

அதற்காக நாக்குக்குக் கோயில் கட்ட வரவில்லை நான்.
முப்பதாம் குப்பியை அப்புண்ணி சப்புக்கொட்டிப் பாராட்டினார்;
அதில்தான் ஃபுளோரைடு ஆறு மடங்கு.
அந்தத் தெருப் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரிப்பார்கள்.
அவர் நாக்கு விட்டதை என் மின்முனை பிடித்தது,
என் மின்முனை விட்டதை அவர் நாக்கு.
இரண்டையும் ஒரே தாளில் எழுத
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
இல்லை, இது சாக்கு.
பென்சில் என் கையில்தான் இருந்தது.

பதினேழு சுலைகா பீவியின் கிணறு.
பக்கத்து மாந்தோப்பின் மருந்து டிரம்களை
அதன் தொட்டியில்தான் கழுவினார்கள். பார்த்தேன்.
பார்த்ததற்கும் கட்டமில்லை.

"குடிக்கலாமா சார்?"
"நாங்க தேடினது இதுல இல்லைம்மா."
இலக்கணம் பிசகாத வாக்கியம்,
எந்த நீதிமன்றத்திலும் நிற்கும்.
அவர் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது.
பஞ்சாயத்து வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்தேன்.
ஒரே வாரத்தில் நாலு தெருக் குடங்கள்
அங்கே வரிசையில் நின்றன.

கட்டுரை இங்கிலாந்தில் வெளியானது.
அந்த இதழின் ஆண்டுச் சந்தாவுக்கு
இன்னொரு கிணறே வெட்டிவிடலாம்.
இருநூற்றுப் பதினோரு பேர் மேற்கோள் காட்டினார்கள்.
ஒருவரும் வேலந்தாவளம் வந்து
குடிக்கத் தண்ணீர் கேட்டதில்லை.

அந்த ஊரில் ஒரு கடையின் வாசல் தமிழ்நாட்டில்,
கொல்லை கேரளத்தில்.
அடியில் நீர் சீட்டு வாங்காமல் போய்வந்தது.
எல்லை என்றால் மண்ணில் கிழித்த கோடு என்றிருந்தேன்;
என் கருவியின் பெயர்ப்பலகையில்
அதே சொல் இருந்ததைக் கவனிக்க
முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

மார்ச் முப்பத்தொன்றில் திட்டம் முடிந்தது,
ஜீப்பைத் திருப்பிக் கொடுத்தோம்.
சுலைகா பீவிக்கு, அந்த நாலு தெருவுக்கு
பிறகு என்ன ஆனது?
எழுத உட்கார்ந்தால் கை தானாக எழுதுகிறது:
தரவு இல்லை.
தரவு தானாக இல்லாமல் போகாது.
நான் போகவில்லை.

பதிப்பாசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்கிறார்:
'துப்பினார்: இது தேவையா? ஆதாரம் உண்டா?'

பதினேழாம் குப்பி என் இழுப்பறையில் இருக்கிறது,
வாயில் மெழுகு வைத்து.
இனிச் சோதித்துப் பயனில்லை,
பிளாஸ்டிக்கும் அதில் கரைந்திருக்கும்.
மெழுகைச் சுரண்டினேன். மூடி திருகினேன்.
சுண்டுவிரல் எட்டும் தூரத்தில்தான்
நிற்கிறது நீர்.